மாடல் ரயில் லேஅவுட்டில் வாட்டர் டவர்: எதை வாங்குவது, எங்கே நிறுத்துவது?

லேஅவுட்டில், அதாவது மாடல் ரயில் ஓடும் காட்சி அமைப்பில், காலியாகக் கிடக்கும் மூலையில் வாட்டர் டவரை (நீராவி எஞ்சினுக்குத் தண்ணீர் தரும் உயரமான தொட்டி) நட்டுவிடுவது பலருக்கும் வழக்கம். பார்க்க அழகுதான். ஆனால் தண்டவாளத்துக்கு எட்டாத இடம் என்றால் எந்த எஞ்சினும் தண்ணீர் பிடிக்க முடியாது. நீராவிக் கால அமெரிக்க ரயில்பாதையை எச்ஓ அளவில் (1:87, அதாவது நிஜத்தில் 87ல் ஒரு பங்கு) கட்டுபவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

1. முதலில் காலம். 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து 1950களில் நீராவி விடைபெறும்வரை மரத்தொட்டி எங்கும் பொருந்தும். இரும்புத் தொட்டி என்றால் 20ஆம் நூற்றாண்டு. நீங்கள் ஓட்டுவது 1970களின் டீசல் எஞ்சின் மட்டும்தானா? அப்படியென்றால் கூரை இடிந்து, குழாய் கழற்றப்பட்ட பழைய டவராக வையுங்கள்.

2. அடுத்து அளவு. அமெரிக்காவில் பரவலாக இருந்த 50,000 கேலன் மரத்தொட்டி 24 அடி விட்டம், 16 அடி உயரம். எச்ஓவில் அது 84 மி.மீ., 56 மி.மீ. கால்கள் 20 அடி என்றால் இன்னொரு 70 மி.மீ. சின்ன எஞ்சின் ஒன்று மட்டும் ஓடும் கிளைப் பாதைக்கு இவ்வளவு பெரியது வேண்டாம். வாங்கும்போது தொட்டியைச் சுற்றியுள்ள இரும்புப் பட்டைகளைக் கவனியுங்கள். அடியில் நீரழுத்தம் அதிகம் என்பதால் கீழே போகப்போகப் பட்டைகள் நெருங்கி வர வேண்டும். சம இடைவெளியில் இருந்தால் நான் வாங்க மாட்டேன்.

3. இனிதான் முக்கியமான வேலை. டவரை இப்போதே ஒட்டாதீர்கள். முழு ரயிலையும் எஞ்சினோடு, அது நிற்க வேண்டிய இடத்தில் கொண்டுவந்து நிறுத்துங்கள். தண்ணீர் ஊற்றும் மூடி டெண்டரின் (எஞ்சினுக்குப் பின்னால் தண்ணீரும் எரிபொருளும் சுமக்கும் வண்டி) பின்பக்கம் இருக்கும். அதற்கு நேரே பென்சிலால் குறியிடுங்கள். டவரின் குழாய் அங்கேதான் இறங்க வேண்டும். ரயிலின் வால் ஏதாவது பாயின்ட்டையோ (தண்டவாளம் பிரியும் இடம்) லெவல் கிராசிங்கையோ அடைத்துக்கொண்டு நிற்கிறதா என்றும் பாருங்கள். அடைத்தால் இடத்தை மாற்றுங்கள்.

ஸ்டேஷனில் இடம் நெருக்கடியா? நிஜ ரயில்வே செய்ததையே செய்யலாம். பெரிய தொட்டி தள்ளி நிற்கும். நிலத்தடிக் குழாய் வழியாக, தண்டவாளத்தருகே நிற்கும் திருப்பக்கூடிய குழாய்த் தூணுக்குத் தண்ணீர் வரும். அதை அடுத்தடுத்த இரண்டு ரயில்பாதைகளுக்கு நடுவே வைத்தால் இரண்டுக்கும் பயன்படும். சிறிய லேஅவுட்டுக்கு இதுதான் எனக்குப் பிடித்த வழி. டவரைப் பின்னணிப் படத்தை ஒட்டி ஒதுக்கிவிடலாம்.

4. குழாயை மேலே தூக்கி வைத்து, உங்களிடம் உள்ள மிக நீளமான எஞ்சினையும் பெட்டியையும் கையால் மெதுவாகத் தள்ளிப் பாருங்கள். வளைவில் நீளப் பெட்டியின் நடுப்பகுதி உள்பக்கமும் முனைகள் வெளிப்பக்கமும் நீட்டும். அதனால் முடிந்தவரை நேரான பாதையிலேயே வையுங்கள். தடம் புரண்ட பெட்டியை எடுக்கக் கை நீட்டும் வழியிலும் டவர் வேண்டாம், அது நிச்சயம் உடையும்.

5. தண்ணீர் எங்கிருந்தோ வந்தாக வேண்டுமே! பக்கத்தில் ஓடையோ கிணறோ, சின்ன பம்ப் ஹவுஸ் ஒன்றோ இருக்கட்டும். அப்புறம் கால்களுக்கு அடியில் கான்கிரீட் கட்டைகள் வைத்து, நிமிர்ந்து நிற்கிறதா என்று பார்த்து ஒட்டுங்கள். மண், புல் எல்லாம் அதற்குப் பிறகுதான். குழாய்க்கு நேர் கீழே மட்டும் மண்ணைக் கொஞ்சம் கருமையாக்கி, ஈரம் தெரிய லேசாகப் பளபளப்பு வார்னிஷ் தடவுங்கள்.