தங்குமிடம் கட்டேக்க கவனிக்க வேண்டியவை: ஒரு மேசனின்ர குறிப்பு

1995 ஒக்டோபரில, யாழ்ப்பாணத்துச் சண்டைக்குள்ள வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்டு, பக்கத்துப் பகுதியான தென்மராட்சியில ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில கிடந்தனாங்கள். அதுக்குப் பிறகு அம்மா கடைசிவரைக்கும் கதவைப் பாத்துத்தான் படுத்தவ.

வீடில்லாத ஆக்களுக்குத் தங்குமிடம் கட்டேக்க நான் முதல் பாக்கிறது அதைத்தான்: கட்டிலில கிடந்தபடியே வாசல் தெரியோணும், முதுகுப்பக்கம் சுவர் இருக்கோணும். கொண்டி உள்பக்கம், ஆனா அவசரத்துக்கு வெளியாலயும் திறக்கக்கூடியதா வையுங்கோ. விறாந்தை சுவரில முட்டி நிக்கக்கூடாது, ரெண்டு பக்கமும் வெளியேற வழி வேணும். ரொயிலற்றுக்குப் போற வழியில இரவு முழுக்க மங்கல் லைற்.

தகரக்கூரை மட்டும் வேண்டாம். மாங்காய் விழுந்தாலே, சண்டையைக் கண்ட ஆக்கள் ஷெல் (எறிகணை) எண்டு எழும்பி ஓடுவினம். ஓடு போடுங்கோ. ஜெனரேற்றர் காணியின்ர கோடியில.

பெயின்ற் நிறத்தைத் தங்கப்போறவையிட்டையே கேளுங்கோ. முத்தத்தில வேம்பு நிண்டா வெட்டாதேங்கோ.