பவர் ஸ்டியரிங் ஆயில்: பாட்டில் வாங்கும் முன் மூடியைப் படியுங்கள்

போன மாதம் என் தம்பி ஒரு பழைய இன்னோவா வாங்கினான். வீட்டு கேட்டுக்குள் வண்டியைத் திருப்பும்போது, கன்றைத் தேடும் பசு மாதிரி முன்பக்கத்திலிருந்து ஒரு முனகல். ஸ்டியரிங் ஆயில் குறைந்தால் பம்ப் காற்றையும் சேர்த்து இழுக்கும். அப்போது வரும் சத்தம் அது. அவனுக்கும் சந்தேகம் வந்து, வழியில் ஒரு கடையில் கேட்டிருக்கிறான். "எல்லா ஹைட்ராலிக்கும் ஒண்ணுதான் தம்பி" என்று பிரேக் ஆயில் பாட்டிலைக் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். நல்லவேளையாக அதைத் திறக்காமலே கொண்டு வந்தான். புதிதாகக் கார் வாங்கும் எல்லாருக்கும் பயன்படட்டும் என்று அன்று செய்ததை வரிசையாக எழுதுகிறேன்.

முதலில், உங்கள் காருக்கு இந்த ஆயில் தேவையா என்று பாருங்கள்

இன்று வரும் பெரும்பாலான சின்ன கார்களில் ஸ்டியரிங்குக்கு உதவுவது மின் மோட்டார்தான். ஸ்விஃப்ட், ஐ10 எல்லாம் அப்படித்தான். அதில் ஆயிலே கிடையாது. பானட்டுக்குள் தேடினாலும் டப்பா கிடைக்காது. ஸ்டியரிங் கனமாக இருந்தால் அங்கே கோளாறு வேறு. பழைய இன்னோவா, பழைய ஸ்கார்பியோ போன்ற வண்டிகளில்தான் பெல்ட்டில் ஓடும் பம்பும் ஆயில் டப்பாவும் இருக்கும்.

டப்பாவைக் கண்டுபிடியுங்கள்

மூடியில் ஸ்டியரிங் வளையத்தின் படமோ பெயரோ இருக்கும். டிரைவர் பக்கம், கண்ணாடிக்குக் கீழே சுவரை ஒட்டி இருப்பது பெரும்பாலும் பிரேக் ஆயில் டப்பா. அதன் மூடியில் டாட் 3 அல்லது டாட் 4 என்று போட்டிருக்கும். இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்றால், டாட் 3, டாட் 4 பிரேக் ஆயில் கிளைக்கால் என்ற வேதிப்பொருள் வகை. ஸ்டியரிங்கில் ஊற்றுவது எண்ணெய் வகை. ஸ்டியரிங் பம்பிலும், சக்கரங்களைத் திருப்பும் ராக்கிலும் உள்ள ரப்பர் சீல்கள் எண்ணெயைத் தாங்கும்படி செய்தவை; பிரேக் ஆயில் பட்டால் கெட்டுப்போய் ஒழுகத் தொடங்கும். தலைகீழாக நடந்தால் இன்னும் ஆபத்து. பிரேக்கின் ரப்பர்கள் எண்ணெயில் ஊறி உப்பிவிடும், பிரேக்கே பிடிக்காமல் போகலாம். தவறி ஊற்றிவிட்டால் இன்ஜினை ஸ்டார்ட் செய்யாதீர்கள். ஆயில் உள்ளே சுற்றாத வரை சேதம் டப்பாவோடு நிற்கும். அப்படியே மெக்கானிக்கை வரச் சொல்லுங்கள்.

எந்த ஆயில்? மூடியும் மேனுவலும் சொல்லும்

கடைக்காரர் சொல்வதையும் நிறத்தையும் நம்பி வாங்காதீர்கள். டப்பாவின் மூடியைத் துணியால் துடைத்துவிட்டுப் படியுங்கள். அழிந்திருந்தால் ஓனர்ஸ் மேனுவலில் கடைசிப் பக்கங்களில் அளவுகள் இருக்கும் பட்டியலைப் பாருங்கள். அங்கே பொதுவாக மூன்றில் ஒன்று இருக்கும்.

ஏ.டி.எஃப். டெக்ஸ்ரான் 2 அல்லது 3 என்று இருந்தால், ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கு ஊற்றும் அதே சிவப்பு ஆயில். பழைய டொயோட்டாக்கள் பலவற்றுக்கும் இதுதான். தம்பி வண்டிக்கும் இதுவே. டெக்ஸ்ரான் என்பது ஜெனரல் மோட்டார்ஸ் வகுத்த தரத்தின் பெயர். அதனால் எந்த கம்பெனி பாட்டிலாக இருந்தாலும், லேபிளில் அந்தத் தரம் எழுதியிருந்தால் போதும்.

சி.எச்.எஃப். 11எஸ் என்று இருந்தால் அது பச்சை நிற செயற்கை ஆயில். பி.எம்.டபிள்யூ. போன்ற ஐரோப்பிய வண்டிகளில் பார்க்கலாம். விலை கூடுதல்தான், ஆனாலும் அதற்குப் பதில் சிவப்பு ஆயில் ஊற்றக் கூடாது.

மூன்றாவது, கம்பெனியின் சொந்த ஆயில். பழைய ஹோண்டா கார்களில் ஹோண்டா பி.எஸ்.எஃப். (பவர் ஸ்டியரிங் ஃப்ளூயிட்) மட்டும்தான், பழைய ஹூண்டாய்களுக்கு பி.எஸ்.எஃப். 3 போன்ற எண்கள் உண்டு. எண்ணோடு சேர்த்துக் கேட்டு வாங்குங்கள்.

'எல்லா வண்டிக்கும்' என்று போட்ட பாட்டில் கிடைத்தால் திருப்பி, பின்பக்கச் சிறிய எழுத்தைப் படியுங்கள். உங்கள் மூடியில் உள்ள பெயர் அங்கே இல்லையென்றால் வேண்டாம். கூலன்ட்டும் சிவப்பிலும் பச்சையிலும் வருகிறது. நிறத்தை வைத்து முடிவெடுக்க முடியாது என்பதற்கு அதுவே போதும்.

இருப்பதைப் பாருங்கள், பிறகு ஊற்றுங்கள்

வண்டியைச் சமதரையில் நிறுத்தி இன்ஜினை அணைத்துவிடுங்கள். டப்பாவில் சூட்டுக்கு ஒரு கோடு, குளிருக்கு ஒரு கோடு இருக்கும். காலையில் பார்த்தால் குளிர் கோடுதான் கணக்கு. வெள்ளை டிஷ்யூ பேப்பரில் ஒரு சொட்டு விடுங்கள். தம்பி வண்டியில் பேப்பர் காபி டிகாஷன் நிறத்தில் நனைந்தது, லேசாகக் கருகிய வாசம். இப்படி இருந்தால் மேலே ஊற்றி நிரப்புவது போதாது.

ஊசியில்லாத பெரிய சிரிஞ்சில் சின்ன டியூப் மாட்டி டப்பாவில் உள்ள பழையதை உறிஞ்சி எடுத்து, புதியதைக் கோடு வரை ஊற்றுங்கள். இன்ஜினை ஸ்டார்ட் செய்து, ஸ்டியரிங்கை இடமும் வலமும் மெதுவாக நாலைந்து முறை திருப்புங்கள். கடைசி வரை திருப்பி அப்படியே பிடித்து வைக்காதீர்கள். அங்கேதான் பம்பில் அழுத்தமும் சூடும் ஏறும். அணைத்துவிட்டு மறுபடி உறிஞ்சி ஊற்றுங்கள். ஒரே தடவையில் மொத்த ஆயிலும் மாறாது. நாங்கள் மூன்று நாள் தினம் ஒரு முறை செய்தோம். ஒரு லிட்டர் பாட்டில் போதுமானதாக இருந்தது. நுரை தெரிந்தால் உள்ளே காற்று இருக்கிறது. நுரை அடங்கும் வரை காத்திருந்து மறுபடி அளவு பாருங்கள்.

இன்னொன்று: இந்த ஆயில் பெட்ரோல் மாதிரி எரிந்து தீர்வதில்லை. குறைந்தால் எங்கோ ஒழுகுகிறது. இரவு வண்டிக்கு அடியில் பெரிய அட்டைப்பெட்டியை விரித்துப் போடுங்கள். எங்கள் அட்டையில் மறுநாள் காலை பொட்டு அளவு சிவப்பு. நேர் மேலே டார்ச் அடித்தால், டப்பாவுக்குத் திரும்பும் ஹோஸின் கிளிப் தளர்ந்து ஈரமாக இருந்தது. புது கிளிப் போட்டுத் துடைத்தோம். அடுத்த வாரம் அட்டை காய்ந்தே இருந்தது; கேட்டுக்குள் வண்டி சத்தமில்லாமல் திரும்பியது.