உலர் சானாவா, நீராவி அறையா: மூக்கடைப்பு கற்றுத்தந்தது

உடற்பயிற்சிக்குப் பின் தோளில் தங்கும் இறுக்கத்துக்காக உலர் சானா எனும் சூடான, வறண்ட அறையில் அமர்ந்து வியர்க்கப் பழகியிருந்த நான், தூசு ஒவ்வாமையால் மூக்கடைத்திருந்த வாரத்திலும் அதிலேயே போய் அமர்ந்தது தவறு. 80 டிகிரி செல்சியஸை ஒட்டிய அந்த வறண்ட காற்றில் வியர்வை உடனுக்குடன் ஆவியாவதால் வெப்பத்தைத் தாங்க முடிகிறது. ஆனால் மூக்கின் உட்புறம் காய்ந்து, தொண்டை கரகரத்து, அடைப்பு இன்னும் இறுகியது.

மறுநாள் நீராவி அறைக்கு மாறினேன். அங்கே வெப்பம் 45 டிகிரி அளவில்தான் என்றாலும், ஈரப்பதம் 100 விழுக்காட்டை நெருங்குவதால் வியர்வை உலராமல் தோலிலேயே வழிகிறது, புழுக்கம் அதிகம். பத்து நிமிடங்களில் சளி இளகி, இரு நாசிகளிலும் மூச்சு சீராக ஓடியது. இந்த நிம்மதி தற்காலிகமானதே. ஒவ்வாமையை அது குணப்படுத்துவதில்லை.

தசை இறுக்கத்துக்கு இன்றும் உலர் சானாவையே நாடுகிறேன். எதிலிருந்து வெளியே வந்தாலும் முதலில் தண்ணீர் குடிக்கிறேன்.