குழந்தை தவறிய வீட்டில் செய்யக்கூடாதவை

பிரசவத்திலோ பிறந்த சில நாளிலோ குழந்தை தவறிவிட்டால், தாய் ஆஸ்பத்திரியிலிருந்து வருவதற்குள் தொட்டில் சேலை, குட்டிச் சட்டை, வசம்பு வளையல் எல்லாவற்றையும் வீட்டார் அப்புறப்படுத்திவிடுகிறார்கள். அக்கறையில்தான் செய்கிறார்கள். ஆனால் என் தங்கை ஆறு வருஷம் கழித்தும் கேட்கிறாள்: "அந்த மஞ்சள் சட்டை எங்கக்கா?" பதில் சொல்ல முடியவில்லை. அவளைக் கேட்காமல் எதையும் எடுக்காதீர்கள். ஒரு பையில் கட்டிப் பரணில் போட்டு வையுங்கள், போதும்.

"முகத்தைப் பாக்காதே, மறக்க முடியாம போயிடும்" என்பார்கள். பார்க்காவிட்டால் மட்டும் மறந்துவிடுமா? மடியில் ஒரு தடவை வைத்துக்கொள்ள ஆசையா என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் வற்புறுத்தவும் கூடாது.

யாரும் முன்கூட்டிச் சொல்லாத விஷயம், பால். குழந்தை போய்விட்டது உடம்புக்குத் தெரியாது. இரண்டு மூன்று நாளில் மார்பு கனத்துப் பால் சுரக்கும். என் தங்கை நனைந்த ரவிக்கையோடு அழுதபோதுதான் எங்களுக்கே உறைத்தது. துணியால் இறுக்கிக் கட்டுவது பெரிய தவறு. வலி கூடும், பால் கட்டிச் சீழ் பிடிக்கவும் செய்யும். பால் வற்ற சிலர் மார்பில் மல்லிகைப்பூ வைப்பார்கள். வைக்கட்டும், இறுக்கம்தான் கூடாது. நன்றாகத் தாங்கும் உள்ளாடை, குளிர்ந்த ஒத்தடம், பொறுக்க முடியாதபோது வலி தணியும் அளவுக்கு மட்டும் பீய்ச்சி விடுவது, இவை உதவும். பாலை நிறுத்த மாத்திரை உண்டு. ரத்த அழுத்தம் இருந்தால் அது ஆபத்து என்பதால் டாக்டரைக் கேட்காமல் வாங்கக்கூடாது. காய்ச்சலோ மார்பில் சிவப்போ கண்டால் உடனே காட்டுங்கள்.

"அடுத்த வருஷமே இன்னொண்ணு பெத்துக்கலாம்" என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். அவள் கேட்பது இன்னொன்றை அல்ல. பெயர் வைத்திருந்தால் அந்தப் பெயரைச் சொல்லிப் பேசுங்கள். குழியில் வைத்துவிட்டு வந்த அப்பாவிடமும் "அவளைப் பாத்துக்கோ" என்று மட்டும் சொல்லி நகராதீர்கள்; அவரும் சாப்பிட்டாரா என்று கேளுங்கள். மூத்த பிள்ளையிடம் "பாப்பா தூங்குது" என்றால் அது தூங்கவே பயப்படும். இறந்துவிட்டது என்றே சொல்லலாம்.

வேலைக்குப் போகிறவளை அவசரமாகத் திருப்பி அனுப்பவேண்டாம். மத்திய அரசு ஊழியர்களுக்கு, குழந்தை இறந்து பிறந்தாலோ பிறந்து 28 நாளுக்குள் இறந்தாலோ 60 நாள் சிறப்பு விடுப்பு 2022 முதல் உண்டு.

அழுகை நாள் கணக்கு வைத்து நிற்காது. ஆனால் வாரக்கணக்கில் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, "நானும் போயிடலாம்" என்கிற பேச்சு வருகிறது என்றால் தனியே விடாதீர்கள். 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம்.