மிளகாய்ச் செடி துவண்டால் உடனே தண்ணீர் ஊற்றாதீர்கள்: விளக்கடியில் வளர்ப்பவர்களுக்கான செய்முறை

ஜோகன்னஸ்பர்க்கில் ஜூன் பிறந்தால் தோட்டத்து மிளகாயின் கதை முடிந்தது. உறைபனி விழுகிற ஒரே ராத்திரியில் செடி கறுத்துத் தொங்கிவிடும். கடலோர டர்பன் ஊர்க்காரர்களுக்கு இந்தத் தொல்லை கிடையாது. ஜோகன்னஸ்பர்க் பக்கம் லெனேசியாவிலும் மிட்ராண்டிலும் இருக்கிற நாம்தான் தொட்டியை உள்ளே தூக்கி வைத்து, மேலே ஒரு எல்இடி விளக்கைத் தொங்கவிட்டு, வசந்தம் வரும்வரை ஓட்ட வேண்டியிருக்கிறது. உள்ளே வந்த செடி ரெண்டே வாரத்தில் துவளும், இல்லையென்றால் நுனி இலை வெளுக்கும். பார்த்ததும் எல்லாரும் செய்கிற முதல் காரியம் ஒரு செம்புத் தண்ணீர். பாதிச் செடிகள் சாவதே அந்தச் செம்பால்தான்.

துவண்ட இலை என்றால் இலைக்குத் தண்ணீர் போய்ச் சேரவில்லை என்று மட்டும்தான் அர்த்தம். மண்ணில் ஈரம் இல்லாமல் இருக்கலாம், ஈரம் இருந்தும் வேர் அழுகி உறிஞ்ச முடியாமல் இருக்கலாம், வேர் குளிரில் விறைத்திருக்கலாம், இல்லாவிட்டால் மேலே விளக்கு வேர் கொடுப்பதைவிட வேகமாக உறிஞ்சி வெளியேற்றிக்கொண்டிருக்கலாம். நாலுக்கும் வைத்தியம் வேறு வேறு. அதனால் கீழே சொல்கிற வரிசையிலேயே பாருங்கள்.

படி 1: தொட்டியைத் தூக்குங்கள்

விரலை மண்ணில் விட்டுப் பார்க்கச் சொல்வார்கள். அது பரவாயில்லை, ஆனால் மேல் ரெண்டு அங்குலத்தைத்தான் சொல்லும். தூக்கிப் பார்ப்பதுதான் நம்பகமானது. நன்றாகத் தண்ணீர் விட்டு வடிந்தபின் ஒரு தடவை தூக்கி அந்தக் கனத்தைக் கையில் பழக்கிக்கொள்ளுங்கள், அப்புறம் எப்போது தூக்கினாலும் கையே சொல்லிவிடும்.

தொட்டி லேசாக இருக்கிறது, மண் ஓரத்தில் சுருங்கித் தொட்டியை விட்டு விலகியிருக்கிறது, இலை மெல்லியதாக, துணி மாதிரி தொங்குகிறது என்றால் அது தாகம். இங்கே ஒரு சிக்கல் உண்டு. நம் ஊர்க் கடைகளில் மூட்டையில் விற்கிற மண் கலவையில் பைன் மரப்பட்டை மக்கு நிறைய இருக்கும். அது ஒருமுறை முழுக்கக் காய்ந்துவிட்டால் தண்ணீரை ஏற்காது. மேலே ஊற்றுவது ஓர இடுக்கு வழியாக ஓடித் தட்டில் நிற்கும், நடுவேர் காய்ந்தபடியே கிடக்கும், நீங்களும் தட்டு நிறைந்துவிட்டதைப் பார்த்து போதும் என்று நினைத்துக்கொள்வீர்கள். ஒரு பேசினில் நாலு விரல்கடை தண்ணீர் விட்டு, தொட்டியை அதில் அரை மணி நேரம் உட்கார வையுங்கள். அடியிலிருந்து ஊறி மேல்மண் நிறம் மாறியதும் எடுத்து வடியவிடுங்கள். வெறும் தாகமாக இருந்தால் சில மணி நேரத்தில் செடி நிமிர்ந்துவிடும்.

தொட்டி கனமாக இருந்தும் செடி துவண்டிருக்கிறதா? அப்படியானால் செம்பைக் கீழே வையுங்கள். அடியிலைகள் மஞ்சளாகின்றனவா, மண்ணைச் சுற்றிச் சின்னக் கறுப்புக் கொசு பறக்கிறதா, வடிதுளையில் மூக்கை வைத்தால் சாக்கடை வாடை வருகிறதா என்று பாருங்கள். சந்தேகமாக இருந்தால் தொட்டியைக் கவிழ்த்து மண்கட்டியோடு உருவி எடுங்கள், செடிக்கு ஒன்றும் ஆகாது. நல்ல வேர் வெள்ளையாக, இழுத்தால் உறுதியாக இருக்கும். அழுகின வேர் பழுப்பாக இருக்கும், ரெண்டு விரலால் இழுத்தால் மேல்தோல் வழுக்கி வந்து உள்ளே நூல் மட்டும் மிஞ்சும். அழுகினதை வெட்டிவிட்டு, புது மண்ணில், முடிந்தால் இன்னும் சின்னத் தொட்டியில் வைத்து, கனம் குறையும்வரை தண்ணீர் காட்டாதீர்கள்.

வேர் வெள்ளையாக இருக்கிறது, மண்ணும் ஈரம், ஆனாலும் காலையில் துவண்டிருக்கிறது என்றால் குளிர்தான். டைல்ஸ் தரையில் வைத்த தொட்டியின் மண் ராத்திரியில் 15 டிகிரிக்குக் கீழே போய்விடும், அந்தக் குளிரில் மிளகாய் வேர் சோம்பிவிடும். அடியில் ஒரு மரப்பலகை போடுங்கள், குழாய்த் தண்ணீரை ராத்திரியே பிடித்து வைத்து அறைச் சூட்டுக்கு வந்தபின் ஊற்றுங்கள். ஹீட்டர் காற்று நேராகச் செடிமேல் அடிக்கக் கூடாது, ஏற்கனவே இங்கே குளிர்காலக் காற்று எலும்பு வரை வறண்டது.

படி 2: எந்த இலை, எந்த நேரம்

அடியிலை மஞ்சளாகி மேலே ஏறினால் தழைச்சத்துக் குறைவு அல்லது நீர் மிகுதி. உச்சி இலை மட்டும் வெளுத்து, அடியிலை பச்சையாக இருந்தால் விளக்கைச் சந்தேகப்படுங்கள். விளக்குக்கு நேர் கீழே உள்ள கிளை மோசமாக, ஓரத்துக் கிளை நன்றாக இருந்தால் சந்தேகமே வேண்டாம். இன்னொன்று, விளக்கு அணைகிற நேரம் நெருங்கும்போது மிளகாய் இலை கொஞ்சம் தாழ்வது சகஜம். காலையில் விளக்கு எரிந்து ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்துத்தான் முடிவு கட்ட வேண்டும்.

படி 3: விளக்கு

2018 செப்டம்பரில் தென்னாப்பிரிக்க அரசியல் சாசன நீதிமன்றம், வயது வந்தவர்கள் தங்கள் தனி இடத்தில் சொந்தப் பயன்பாட்டுக்கு டக்கா, அதாவது கஞ்சா, வளர்க்கலாம் என்று தீர்ப்புச் சொன்னது. இன்று கடையில் வளர்ப்பு விளக்கு என்று கேட்டால் எடுத்துக் காட்டுவதில் பல அந்தச் செடியை மனதில் வைத்து விற்கிற விளக்குகள். பூக்கும் கஞ்சாச் செடி தாங்குகிற வெளிச்சத்தை நாலு இலை விட்ட மிளகாய் நாற்று தாங்காது. பெட்டிமேல் போட்டிருக்கிற வாட்டைப் பெருமையாகப் பார்க்காதீர்கள்.

வெளிச்சம் அதிகமானால் முதலில் இலையின் ரெண்டு ஓரமும் மேல்நோக்கி மடங்கி ஓடம் மாதிரி ஆகும். அப்புறம் நரம்புக்கு இடையில் வெளிறும், கடைசியில் காகிதம் போல வெள்ளைத் திட்டு. தண்டுக் கணுக்களில் ஊதா நிறம் ஏறினால் பயம் வேண்டாம், பல ரகங்களில் அது இயல்பு. கையை இலை மட்டத்தில் அரை நிமிடம் வைத்துப் பாருங்கள். சுட்டால் நிச்சயம் தூக்க வேண்டும். சுடவில்லை என்பதால் சரியென்று ஆகாது, எல்இடி சூடில்லாமலேயே இலையை வெளுக்க வைக்கும்.

அதனால் கைபேசியில் வெளிச்சத்தை லக்ஸ் கணக்கில் அளக்கிற இலவச செயலி ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள். துல்லியம் எதிர்பார்க்காதீர்கள், நமக்கு ஒப்பிட்டுப் பார்த்தால் போதும். வெள்ளை எல்இடிக்கு லக்ஸை 70-ஆல் வகுத்தால் செடிக்காரர்கள் பேசுகிற மைக்ரோமோல் கணக்கு (செடிக்குப் பயன்படுகிற வெளிச்சத்தின் அளவு) ஏறத்தாழ வரும் (ஊதா விளக்குக்கு இந்தக் கணக்கு உதவாது). நாற்றுக்கு 10,000 முதல் 15,000 லக்ஸ், வளர்ந்த செடிக்கு 25,000 முதல் 35,000 வரை வைத்துக்கொள்ளலாம். சின்ன விளக்கை 30 சென்டிமீட்டரிலிருந்து 45-க்குத் தூக்கினாலே வெளிச்சம் பாதிக்கும் கீழே வந்துவிடும், அகலமான பலகை விளக்கில் அவ்வளவு குறையாது.

நேரம் 14 மணி போதும். இருபத்து நாலு மணி நேரமும் எரியவிட்டால் தக்காளிக்கும் கத்தரிக்கும் இலை மஞ்சள் பாயும். மின்வெட்டு நடக்கிற காலத்தில், திருகு வட்டு டைமர் வைத்திருப்பவர்கள் அதை வாரம் ஒருமுறை சரிபாருங்கள். கரண்ட் போகும்போது அதன் வட்டும் நின்றுவிடும், ரெண்டு மணி நேரம் இருட்டு என்றால் டைமரும் ரெண்டு மணி நேரம் பின்தங்கும், கொஞ்ச நாளில் நடுராத்திரியில் விளக்கு எரியும்.

படி 4: வெளுப்பு போல வருகிற வேறொன்று

இலையில் ஊசிமுனைப் புள்ளிகளாக வெளிறியிருந்தால், விளக்கைத் தொடும் முன் இலைக்கு அடியில் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்துத் தட்டுங்கள். விழுந்த தூசி நடக்கிறதா? செஞ்சிலந்தி. வறண்ட காற்று அதற்குக் கொண்டாட்டம். இலையின் அடிப்பக்கத்தைக் குழாயில் நன்றாகக் கழுவி, சில நாள் விட்டுத் திரும்பக் கழுவுங்கள்.

படி 5: ஒன்றை மாற்றி, காத்திருங்கள்

விளக்கையும் தூக்கி, தண்ணீரையும் நிறுத்தி, உரமும் போட்டால் எது உதவியது என்று எப்படித் தெரியும்? ஒன்றை மட்டும் மாற்றுங்கள், ஒரு வாரம் விடுங்கள். வெள்ளைத் திட்டு விழுந்த இலை திரும்பப் பச்சையாகாது, அதைப் பார்த்துக்கொண்டிருக்காமல் புதுக் கொழுந்தைப் பாருங்கள். துவண்ட செடிக்கு உரம் கூடவே கூடாது. கறிவேப்பிலைக் கன்று ஜூலையில் இலை உதிர்த்தால் பாதி நேரம் அது குளிர்தூக்கம்தான், தண்டை நகத்தால் லேசாகக் கீறினால் பச்சை தெரிகிறதா, விட்டுவிடுங்கள்.

செப்டம்பர் கடைசியில் வெளியே எடுக்கும்போது இதே வெளுப்பு மறுபடி வரும். உள்ளே 30,000 லக்ஸில் இருந்த செடிக்கு இங்கே நடுப்பகல் வெயில் 1,00,000 லக்ஸைத் தொடும், நம் ஊர் கடல் மட்டத்துக்கு 1,700 மீட்டருக்கு மேல் இருப்பதால் அதில் காரமும் அதிகம். முதல் நாள் காலை வெயிலில் ஒரு மணி நேரம், அப்புறம் தினமும் கொஞ்சம் கூட்டி, பத்து நாளில் முழு வெயிலுக்குக் கொண்டு வாருங்கள். ராத்திரி குளிர் விடும்வரை சாயங்காலம் உள்ளே எடுத்து வைத்துவிடுங்கள்.