கனடாவுல முதல் டிசம்பரா? கார்ல படுத்துத் தூங்கலாம்னு மட்டும் நினைக்காதீங்க

டொராண்டோ பக்கம் புதுசா வந்து இறங்கியிருக்கிற தம்பி தங்கச்சிங்களுக்காக இத எழுதுறேன். வேலைக்கு வேண்டிய சின் நம்பர், பேங்க் அக்கவுண்ட், அரசாங்க மருத்துவத்துக்கான ஓஹிப் கார்டு எல்லாம் எப்படி எடுக்கணும்னு சொல்ல நூறு பேர் இருக்காங்க, நான் அதுக்குள்ள போகல. டிசம்பர் வந்தாச்சுன்னா ஆபீஸ் பார்ட்டி, கிறிஸ்துமஸ், 31ஆம் தேதி ராத்திரி, அது முடிஞ்ச கையோட பொங்கல்னு வரிசையா கூப்பிடுவாங்க. குடிக்காதீங்கன்னு சொல்ல வரல, அது உங்க இஷ்டம். ஆனா நம்ம ஊர்ல பொறுப்பான ஆளுங்க பண்ற ஒரு காரியம் இங்க கிரிமினல் கேஸ்ல கொண்டு போய் விட்டுடும், அத வந்த புதுசுல யாரும் நமக்கு சொல்றதில்ல. என் நண்பன் அதுலதான் மாட்டினான், அதுல எனக்கும் பங்கு இருக்கு.

முதல்ல லைசென்ஸ். டொராண்டோ இருக்கிற ஒண்டாரியோ மாகாணத்துக்குக் குடிவந்தா ஊர் லைசென்ஸ வெச்சு 60 நாள் ஓட்டலாம், அதுக்கப்புறம் இங்கத்த லைசென்ஸ் வேணும். எழுத்துத் தேர்வு எழுதி வாங்குற பழகுநர் லைசென்ஸ் ஜி1, தனியா ஓட்டலாம் ஆனா கட்டுப்பாடு இருக்கிறது ஜி2, அப்புறம் ஃபுல் ஜி. ஊர்ல வருஷக்கணக்கா ஓட்டினவங்க அனுபவத்தக் காட்டி நேரா ஜி டெஸ்ட்டுக்குப் போவாங்க, அது போச்சுன்னா ஜி2 வாங்கிட்டு ஓட்டுவாங்க, என் நண்பனும் அப்படித்தான். இங்க கவனிங்க. கனடாவுல 100 மில்லி ரத்தத்துல 80 மில்லிகிராம் ஆல்கஹால் இருந்தா கிரிமினல் குற்றம். இந்தியாவுல அது 30. அதனால நம்ம ஆளுங்க "அட, இங்க லிமிட் தாராளமா இருக்கே, ரெண்டு பெக் போட்டா ஒண்ணும் ஆகாது"ன்னு நினைச்சுக்கிறாங்க. ஜி1, ஜி2 வெச்சிருக்கிறவங்களுக்கு லிமிட் சைபர். 21 வயசு வரைக்கும் இருக்கிறவங்களுக்கு ஃபுல் ஜி இருந்தாலும் சைபர். லாரி ஓட்டப் போற தம்பிங்களுக்கு, அந்த வண்டிய எடுக்கும்போது சைபர். ஃபுல் ஜி இருந்தாலும் 50 தாண்டினாலே அந்த இடத்துலயே லைசென்ஸ கொஞ்ச நாளைக்கு முடக்கிடுவாங்க, 80 வரைக்கும்லாம் காத்திருக்க மாட்டாங்க.

பெக் கணக்கையும் ஊர் கணக்குல போடாதீங்க. இங்க ஒரு டிரிங்க்னா விஸ்கில 43 மில்லி, 5 சதவீத பீர்ல 341 மில்லி. வீட்டுப் பார்ட்டில அண்ணன் பாசமா ஊத்திக் குடுக்கிற லார்ஜ் அதவிடப் பெருசு. 473 மில்லி டின்ல 8 சதவீத பீர் வாங்கினீங்கன்னா அந்த ஒரு டின்லயே ரெண்டு டிரிங்குக்கு மேல இருக்கு. உடம்பு அத வெளியேத்துற வேகம் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 15 மில்லிகிராம்தான், காபி குடிச்சாலும் பச்சத்தண்ணில குளிச்சாலும் அது மாறாது. ராத்திரி ஒரு மணிக்கு 120ல இருக்கிறவன் சைபருக்கு வர காலைல ஒன்பது ஆகிடும். ஜி2 வெச்சுக்கிட்டு ஆறு மணிக்கு எந்திரிச்சுப் பல் தேய்ச்சுட்டுக் கிளம்புற தம்பி, உங்களுக்குத்தான் இது.

இப்ப நடந்ததச் சொல்றேன். சில வருஷம் முன்னாடி டிசம்பர் 31, டொராண்டோ ஸ்கார்பரோ பகுதில நான் குடியிருந்த பேஸ்மெண்ட். எட்டுப் பத்துக் குடும்பம், பசங்க எல்லாம் சோபாலயும் கட்டில்லயும் தூங்கிட்டாங்க, படுக்க ஒரு சாண் இடமில்ல. நண்பன் ரெண்டு மாசம் முன்னாடிதான் ஒரு பழைய கொரோலா வாங்கியிருந்தான், அந்தப் பெருமைல காரை எடுத்துட்டு வந்துட்டான். பன்னெண்டு மணிக்கு ஊருக்கு போன் போட்டு அம்மா அப்பாகிட்ட பேசினோம், அங்க பொழுது விடிஞ்சு பத்தரை மணி, அம்மா என்ன சாப்பிட்டன்னு கேட்டதும் அழுதுட்டான், அதுக்கப்புறம் இன்னும் ரெண்டு ரவுண்டு போச்சு. ஒரு மணிக்கு அவனே சொன்னான், "மாப்ள, நான் வண்டி ஓட்டுற நிலைமைல இல்ல, கார்லயே படுத்துட்டு விடிஞ்சதும் போறேன்". ஊர்ல இதத்தானே நல்ல புள்ள பண்ணும்? கல்யாண மண்டபத்து வாசல்ல, ரோட்டோரம் புளியமரத்தடில வண்டிய நிறுத்திட்டு சீட்டச் சாய்ச்சுத் தூங்குறவனத்தானே நாம புத்திசாலின்னு சொல்லி வளர்ந்தோம். நானும் சரின்னு ஒரு கம்பளிய எடுத்துக் குடுத்து அனுப்பினேன். வெளிய மைனஸ் 14. எஞ்சினப் போட்டு ஹீட்டர வெச்சுக்கோடான்னு சொல்லி அனுப்பினதும் நான்தான். அத நினைச்சா இன்னிக்கும் மனசு கெடந்து அடிச்சுக்குது.

மூணே முக்காலுக்கு போலீஸ் கண்ணாடியத் தட்டியிருக்கு. டிரைவர் சீட்ல ஆள், எஞ்சின் ஓடுது, மூச்சுல வாடை. இவன் "நான் ஓட்டவே இல்ல சார், தூங்குறேன், கொஞ்ச நேரத்துல தெளிஞ்சதும் வீட்டுக்குப் போயிடுவேன்"னு உண்மையச் சொல்லியிருக்கான். அந்தக் கடைசி வார்த்தையே அவனுக்கு எதிரா நின்னுச்சு. இங்க சட்டத்துல வண்டி ஓட்டுறதுன்னா சக்கரம் உருளணும்னு இல்ல, வண்டி உங்க கட்டுப்பாட்டுல இருந்தாலே போதும். குடிச்சுட்டு டிரைவர் சீட்ல இருந்தா, வண்டிய எடுக்கத்தான் உக்காந்திருக்கீங்கன்னே கோர்ட் எடுத்துக்கும், இல்லன்னு நிரூபிக்க வேண்டியது நீங்க.

பின் சீட்ல படுத்தா தப்பிச்சுடலாமான்னு நிறைய பேர் கேக்குறாங்க. அப்படி எடுத்துக்கிறது டிரைவர் சீட்டுக்குத்தான், ஆனா சாவி உங்க பாக்கெட்ல இருந்தா பின் சீட்டும் முழுப் பாதுகாப்பு கிடையாது. பட்டன் ஸ்டார்ட் வண்டின்னா கேக்கவே வேணாம். இன்னொண்ணு, கேஸவிட அதுதான் எனக்குப் பயம். பனி விழுந்து சைலன்சர் வாய அடைச்சா கார்பன் மோனாக்சைடு உள்ள வரும், அதுக்கு வாடையும் கிடையாது நிறமும் கிடையாது, தூங்குறவன் எந்திரிக்கவே மாட்டான். எஞ்சின நிறுத்திட்டுப் படுத்தா குளிர். குடிச்ச உடம்பு கதகதன்னு இருக்கிற மாதிரிதான் தோணும், உள்ள இருக்கிற சூடெல்லாம் தோல் வழியா வெளிய போய்ட்டிருக்கும். எப்படிப் பாத்தாலும் இந்த ஊர் குளிர்காலத்துல கார் படுக்கிற இடமில்ல.

ரொம்ப நாள் அந்தச் சட்டத்து மேல எனக்குக் கோவம். ஓட்டாம இருந்தவனப் பிடிச்சு உள்ள போடுறானேன்னு. அப்புறம் ஒரு நாள் நண்பனே சொன்னான், தட்டுறதுக்குப் பத்து நிமிஷம் முன்னாடி முழிப்பு வந்துச்சாம், தலை தெளிஞ்ச மாதிரி இருந்துச்சாம், வீடு பதினஞ்சு நிமிஷம்தானே, ரோடு காலியா இருக்கே, போயிடலாமான்னு நினைச்சானாம். ஸ்டேஷன்ல ஊதினப்போ 80க்கு மேல இருந்துச்சு. அதக் கேட்டதுக்கப்புறம் நான் அந்தக் கோவத்தப் பத்திப் பேசுறதில்ல.

அன்னிக்கே லைசென்ஸ் 90 நாள் போச்சு, கார 7 நாள் யார்டுல போட்டாங்க, டோ பண்ணினதுக்கும் வெச்சிருந்ததுக்கும் காசு இவன்தான் கட்டணும். தண்டனை ஆச்சுன்னா முதல் தடவைக்கே குறைஞ்சது 1,000 டாலர் அபராதம், ஒரு வருஷம் லைசென்ஸ் இல்ல, அப்புறம் வண்டில ஊதினாத்தான் ஸ்டார்ட் ஆகுற கருவி, இன்சூரன்ஸ் எகிறும். இதெல்லாம் காசு, சம்பாதிச்சுக்கலாம். நம்மள மாதிரி வந்தவங்களுக்கு அடி வேற இடத்துல. 2018 டிசம்பர் 18ல இருந்து இந்தக் குற்றத்துக்கு அதிகபட்ச தண்டனை 10 வருஷம்னு மாத்திட்டாங்க, அதனால இமிக்ரேஷன் சட்டத்துல இது கடுமையான குற்றம் கணக்குல வருது. நீங்க ஒரு நாள் கூட ஜெயிலுக்குப் போகலன்னாலும், தண்டனை ஆச்சுன்னா பி.ஆர்., அதாவது இங்க நிரந்தரமா தங்குற உரிமை, பறிபோகலாம். ஒர்க் பர்மிட், ஸ்டூடண்ட் பர்மிட்ல இருக்கிறவங்க நிலைமை இன்னும் மோசம். சிட்டிசனான அண்ணன் "எனக்கும் ஒரு தடவ ஆச்சு, ஃபைன் கட்டிட்டேன்"னு சொன்னா அத உங்களுக்கு அளவுகோலா வெச்சுக்காதீங்க.

நண்பனோட பி.ஆர். அப்ளிகேஷன் அப்ப நடுவுல இருந்துச்சு. கேஸ் ஒரு வருஷத்துக்கு மேல இழுத்துச்சு. வெளிய போனா திரும்ப உள்ள விடுவாங்களோன்னு பயந்து, திருக்கடையூர்ல நடந்த அப்பாவோட அறுபதாம் கல்யாணத்துக்குப் போகல. ஒரே மகன். அம்மாவும் அப்பாவும் மாலையோட நிக்கிறத வீடியோ கால்ல பாத்தான், நான் பக்கத்துல உக்காந்திருந்தேன். கடைசில வக்கீல் பேசி, கிரிமினல் குற்றச்சாட்டு போய், கவனக்குறைவா ஓட்டினதா போக்குவரத்துச் சட்டத்துல முடிஞ்சது. எல்லாருக்கும் அப்படி முடியும்னு நினைக்காதீங்க. வக்கீலுக்கு மட்டும் ஏழாயிரம் டாலர் தாண்டிருச்சு.

ரைடுன்னு போலீஸ் சோதனை ஒண்ணு இருக்கு, குடிச்சிருக்காங்களான்னு பண்டிகை நேரத்துல ரோட்டுல வரிசையா நிறுத்திப் பாப்பாங்க, டொராண்டோ எட்டோபிக்கோ பகுதில 1977ல ஆரம்பிச்சது. முறைப்படி நிறுத்தின எந்த டிரைவரையும் சந்தேகமே இல்லாம ஊதச் சொல்லலாம், மாட்டேன்னு சொன்னா அதுவே தனிக் குற்றம், குறைஞ்ச அபராதம் 2,000 டாலர். "ஊதலன்னா ப்ரூஃப் இல்ல"ன்னு ஊர்ல சொல்ற யோசனை இங்க இன்னும் ஆழமாத் தள்ளிவிடும். ரோட்டோரத்துல ஊதுறதுக்கு முன்னாடி வக்கீல்கிட்ட பேசணும்னு கேக்க முடியாது, ஆனா கைது பண்ணினதுக்கப்புறம் கேக்கலாம், டியூட்டி கவுன்சல்னு காசு வாங்காத வக்கீலுக்குப் போன் போட்டுக் குடுப்பாங்க, கட்டாயம் பேசுங்க, அதுவரைக்கும் பேரு, லைசென்ஸ் தவிர கதை எதுவும் சொல்ல வேணாம். பேசிச் சரிபண்ணலாம்னு பர்ஸத் தொட்டுடாதீங்க, அது இன்னொரு கேஸ். மிச்சம் இருக்கிற பாட்டில டிக்கில வைங்க, சீட் பக்கத்துல திறந்த பாட்டில் இருந்தா அதுக்கும் ஃபைன்.

அப்ப என்னதான் பண்றது? கார வீட்டுலயே விட்டுட்டுப் போங்க, இதவிட நல்ல வழி எனக்குத் தெரியல. சப்வே நின்னதுக்கப்புறமும் டொராண்டோ பஸ், சப்வே எல்லாம் நடத்துற டி.டி.சி.ல 300ல ஆரம்பிக்கிற நம்பர் பஸ்ஸுங்க ராத்திரி முழுக்க ஓடும். டிசம்பர் 31 ராத்திரி டி.டி.சி. வழக்கமா இலவசம், அந்த வருஷ அறிவிப்பு மட்டும் பாத்துக்கோங்க. ஊபர் அன்னிக்கு ரெண்டு மூணு மடங்கு கேக்கும், நாலு பேர் சேர்ந்து போங்க, கேஸுக்கு ஆகுற செலவுல நூத்துல ஒரு பங்கு கூட வராது. கார் எடுத்துட்டுப் போயே ஆகணும்னா ஓட்டப்போறவர் யாருன்னு மொதல் கிளாஸுக்கு முன்னாடியே முடிவு பண்ணுங்க, அவர் ஒரு சொட்டும் தொடக்கூடாது, "உனக்கு ஒண்ணே ஒண்ணு"ன்னு அவர வற்புறுத்தாதீங்க. தங்கச்சிங்களுக்கும் சொல்றேன், வீட்டுக்காரர் குடிப்பார், நான் ஓட்டுவேன்னு எத்தனை வீட்டுல நடக்குது, ஆனா உங்க லைசென்ஸ் ஜி1னா பக்கத்துல உக்காந்திருக்கிறவர்கிட்ட ஃபுல் ஜியும், நாலு வருஷமாவது ஓட்டின அனுபவமும் இருக்கணும், அவர் ரத்தத்துல 50க்குக் கீழ இருக்கணும். குடிச்ச ஆள பக்கத்துல வெச்சுக்கிட்டு ஜி1ல ஓட்டினா ரெண்டு பேருக்கும் பிரச்சினை. ரோட்டுல எவனாவது தள்ளாடிக்கிட்டு ஓட்டுறதப் பாத்தா 911 அடிங்க, காட்டிக்குடுக்கிறோமேன்னு நினைக்காதீங்க.

வீட்டுக்குக் கூப்பிடுறவங்க, உங்களுக்கும் ஒண்ணு சொல்லணும். குடிச்சவன் வெளிய போய் விபத்து பண்ணினா வீட்டுக்காரன் பொதுவா நஷ்டஈட்டுக்குப் பொறுப்பில்லன்னு 2006ல இந்த நாட்டு உச்ச நீதிமன்றம் சொல்லிருச்சு, அதுவும் ஒரு புத்தாண்டு பார்ட்டி வழக்குதான். சட்டம் விட்டாலும் கம்பளி குடுத்து அனுப்பின கை என்னோடது, எனக்கு அந்தத் தீர்ப்பு ஒரு ஆறுதலும் தரல. படுக்க இடமில்லன்னா பத்துப் பேரக் கூப்பிடாதீங்க, அஞ்சு பேரக் கூப்பிடுங்க.

நண்பனுக்கு இப்ப ஃபுல் ஜி, பி.ஆர். ரெண்டும் வந்தாச்சு. ஒவ்வொரு 31ஆம் தேதியும் அவன் வீட்டுலதான் கூடுறோம். ஊர்ல இருந்து வந்தவங்ககிட்ட சொல்லி எட்டுக் கோரப்பாய் வரவெச்சிருக்கான், பத்தமடைப் பாய். வாசல்ல ஒரு எவர்சில்வர் தூக்கு இருக்கும், வர்றவங்க ஷூ கழட்டின கையோட சாவிய அதுல போடணும், அவன் சம்சாரம் மூடி எடுத்து உள்ள வெச்சுட்டு மறுநாள் மத்தியானம் சாப்பாடு முடிஞ்சதுக்கப்புறம்தான் வெளிய எடுப்பாங்க. பாயெல்லாம் விரிச்சு முடிச்சதுக்கப்புறம்தான் பாட்டில் மேசைக்கு வரும்.