மறதி நோயுள்ள அம்மாவுக்கு மாத்திரை கொடுப்பது எப்படி?

அம்மாவுக்கு மறதி நோய் என்று தெரிந்த பிறகுதான் வீட்டு மாத்திரை டப்பாவை முழுசாகக் கவிழ்த்துப் பார்த்தேன். பிரஷர், சுகர், மறதி, மலச்சிக்கல் என்று 11 அட்டைகள். அதில் இரண்டில் ஒரே மருந்து. நீங்களும் அங்கிருந்தே தொடங்குங்கள்.

1. பட்டியல் போடுங்கள்

கம்பெனி வைத்த பெயரை விட்டுவிடுங்கள். அட்டையின் பின்னால் பொடி எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரை எழுதுங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு தேடி வரும் அம்லோடிபின் என்ற பிரஷர் மருந்து, வெளியே டாக்டர் எழுதிக் கொடுத்த டெல்மிசார்டான் கூட்டு மாத்திரைக்குள்ளும் இருக்கலாம். இரண்டும் உள்ளே போனால் பிரஷர் இறங்கி, எழும்போது தலைசுற்றி விழுந்துவிடுவார்கள். நீங்களாக எதையும் நிறுத்தாமல், பட்டியலை டாக்டரிடம் காட்டுங்கள்.

கடையில் கேட்டு வாங்கும் சளி மருந்தையும் அதில் சேருங்கள். அதிலுள்ள குளோர்பெனிரமின் குழப்பத்தைக் கூட்டும், மறதிக்குக் கொடுக்கும் டொனெபெசிலின் வேலையையும் கெடுக்கும். டொனெபெசில் நாடித்துடிப்பைக் குறைக்கக்கூடியது. கூடவே, அதேபோல் நாடியைக் குறைக்கும் பிரஷர் மாத்திரையான அட்டெனலால் இருந்தால் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

2. ஒரே ஒருவர் பொறுப்பு

ஏழு நாள், நாளுக்கு நான்கு அறை உள்ள மாத்திரைப் பெட்டி வாங்குங்கள். வாரம் ஒருமுறை ஒருவரே நிரப்பட்டும். மீதி அட்டைகள் பீரோவுக்குள், பூட்டி.

3. சுகர் மாத்திரையில் அவசரம் வேண்டாம்

எனக்கு மிகப் பெரிய பயம் இதில்தான். கிளிமெபிரைடு போட்டுக்கொண்டு, இரண்டு வாய் இட்லியோடு எழுந்துவிட்டால் சுகர் இறங்கிவிடும். வியர்வை, நடுக்கம், உளறல் வரும். நாமோ மறதி முற்றிவிட்டது என்று நினைத்துக்கொள்வோம். திடீரென்று உளறினால் முதலில் சுகர் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்து, விழுங்கவும் முடிந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். நினைவில்லை என்றால் வாயில் எதுவும் ஊற்றாதீர்கள், 108-ஐ அழையுங்கள். சாப்பாடு சரியாக இறங்காத நாளில் இந்த மாத்திரையை என்ன செய்வது என்று டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

4. வேண்டாம் என்றால்

வாதாடாதீர்கள். இருபது நிமிடம் கழித்து, "அம்மா, தண்ணி குடிக்கிறீங்களா?" என்று ஆரம்பியுங்கள். ஒவ்வொரு மாத்திரையாகக் கொடுத்து, கன்னத்தில் ஒதுக்கியிருக்கிறார்களா என்று பாருங்கள். விழுங்கச் சிரமம் என்றால் கேட்காமல் பொடிக்க வேண்டாம். எஸ்.ஆர்., எக்ஸ்.ஆர். என்று போட்டிருப்பவை மெதுவாகக் கரைய வேண்டியவை. பொடித்தால் மொத்த மருந்தும் ஒரேயடியாக இறங்கிவிடும்.

5. ஒருவேளை தவறினால்

அடுத்த வேளை இரண்டாகக் கொடுக்காதீர்கள். கொடுத்தோமா என்று சந்தேகம் வந்தால் பெட்டியைத் திறந்து பாருங்கள். அம்மா பத்தாவது முறையாக "மாத்திரை போட்டேனா?" என்று கேட்கும்போதும் அதே காலி அறையைத்தான் திறந்து காட்டுகிறேன். விரலால் தடவிப் பார்த்துவிட்டு நிம்மதியாகச் சாய்ந்துகொள்கிறார்.